அடித்தகட்டில் மஞ்சள்

ஜூன் 17, செவ்வாய்

உரக்கடைக்காரர் தை மாதம் கொடுத்த டைரி இது. ஐந்து மாதம் பீரோ மேல் தூங்கிவிட்டு இன்றைக்குத்தான் கண் விழிக்கிறது. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் விவசாயிகளுக்கு ஒரு குறிப்பு அச்சடித்திருக்கிறார்கள். இன்றைய குறிப்பு: மரவள்ளியில் மாவுப்பூச்சி. எனக்கு மரவள்ளியும் இல்லை, மாவுப்பூச்சியும் இல்லை. ஒரு மினி லாரி இருக்கிறது. கொல்லிமலையிலிருந்து அன்னாசியும் பலாவும் இறக்குகிற வண்டி. அதற்கு வயது ஒன்பது, எனக்கு ஐம்பத்திரண்டு. இருவரில் யாருக்குச் சத்தம் அதிகம் என்று என் மனைவி வசந்தாமணியைக் கேட்டால், அவள் வண்டியைச் சொல்லமாட்டாள்.

வண்டி ஒரு வாரமாகச் சேந்தமங்கலத்தில் எங்கள் வீட்டு வேப்பமரத்தடியில் நிற்கிறது. காரணம், அடித்தகடு. முன் பம்பரிலிருந்து முன்சக்கரங்களுக்குப் பின்னால் வரைக்கும், இன்ஜினின் வயிற்றில் மலைக்கல் அடிக்காமல் இருக்க நான் செய்து மாட்டிய இரும்புத் தகடு. ஒன்பதாம் தேதி மலையில் ஒரு கல் இடித்துவிட்டது. தகட்டில் ஒரு முழ நீளத்துக்குக் குழி. பெயிண்டும் போய்விட்டது. துருப்பிடிப்பதற்குள் பெயிண்ட் அடித்தாக வேண்டும். இன்றைக்கு நான்கு போல்ட்டையும் கழற்றி இறக்கினேன். மூன்று போல்ட் சொன்னபடி கேட்டன. நாலாவது என் மைத்துனன் மாதிரி.

வசந்தாமணி முறத்தோடு வந்து நின்று பார்த்தாள்.

"ஏனுங்க, யாரு கண்ணுக்கும் தெரியாத எடத்துக்கு என்னத்துக்குப் பெயிண்டு?"

"உள்ள போடற பனியன்கூடத்தான் யாரு கண்ணுக்கும் தெரியாது. தொவைக்காமயா போடறோம்?"

"நீங்க எப்பத் தொவைச்சீங்க?" என்றாள்.

இரண்டு நாள் வேலை. வியாழக்கிழமை மலைக்கு லோடு ஏற்றப் போய்விடலாம்.

ஜூன் 18, புதன்

வாசலில் இரண்டு செங்கல் மேல் தகட்டை வைத்துக் கம்பி பிரஷ் போட்டேன், உப்புத்தாள் போட்டேன், மண்ணெண்ணெய் நனைத்த துணி போட்டேன். ஒன்பது வருடத்து மலை அதில் ஒட்டியிருந்தது. செம்மண், தார், ஒரு பலாக்கொட்டை, ஏதோ ஒரு பூச்சியின் இறக்கை. குழிக்குள்ளே மட்டும் மஞ்சளாக ஏதோ அப்பியிருந்தது. துருவில் மஞ்சள் துரு என்றும் ஒன்று உண்டு. எங்கேயோ படித்திருக்கிறேன். எங்கே என்றுதான் ஞாபகமில்லை.

தெருக்கோடியில் லாரிகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் பட்டறை வைத்திருக்கும் சபாபதி அந்த வழியாகப் போனான். ஊர் லாரிகளுக்கெல்லாம் மயில் வரைந்து, தாமரை வரைந்து, நெற்றியில் குலதெய்வத்தின் பேரை எழுதுகிறவன். அவன் வீட்டுச் சுவருக்கு அவன் கல்யாணத்துக்கு அடித்த சுண்ணாம்புதான் கடைசி. அந்தக் கல்யாணத்தில் சாப்பிட்டவர்களில் பாதிப்பேருக்கு இப்போது பேரன் இருக்கிறான்.

"என்னங்ணா, சீர்த்தட்டாட்டம் தேச்சுட்டு இருக்கறீங்க?"

"உன் மாதிரி நாலு பேரு மூஞ்சி பாத்துக்கறதுக்குத்தான்" என்றேன்.

ஜூன் 19, வியாழன்

ரெட் ஆக்சைடு ஒரு கோட். காய வேண்டும். இன்றைக்கு லோடு போக முடியாது.

ஜூன் 20, வெள்ளி

செல்லாயி போன் பண்ணினாள். மலைமேல் சோளக்காடு என்கிற ஊருக்கு அந்தப் பக்கம் அவள் ஊர். சுற்றுவட்டத் தோட்டங்களின் அன்னாசியை எல்லாம் சேர்த்து அனுப்புகிறவள். ஆறு வருடமாக என் வண்டியைத் தவிர வேறு வண்டி ஏற்றியதில்லை. அவள் இருக்கிறாள் என்பதால்தான் நான் என்னை லாரிக்காரன் என்று சொல்லிக்கொள்கிறேன். இல்லாவிட்டால் வேப்பமரத்தடியில் ஒரு லாரி வைத்திருக்கிறவன், அவ்வளவுதான்.

"அண்ணே, எப்ப வர்றீங்க? நாளு சொன்னாத்தான நான் காய வெட்டச் சொல்ல முடியும்?"

"பெயிண்டு காயோணும் செல்லாயி."

"அன்னாசிக்கு அது தெரியுமாண்ணே?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்தி, "ஒடம்பு பரவால்லயாண்ணே?" என்றாள். என் உடம்புக்கு என்ன? ஆட்டுக்கல் மாதிரி இருக்கிறேன், அகலத்திலும் அப்படியே.

"அடுத்த சனி, இருவத்தெட்டு வரைக்கும் பாக்கறேன். காரவள்ளிக்காரர் ஒருத்தர் வண்டி வெச்சுக்கிட்டு தெனமும் கேக்கறாரு. ஒருக்கா அவருக்குக் குடுத்துட்டா அப்புறம் வாங்கி ஒங்களுக்குக் குடுக்க முடியாது. வருத்தப்படக் கூடாது."

இருபத்தெட்டுக்கு இன்னும் எட்டு நாள் இருக்கிறது. எட்டு நாளில் ஒரு கப்பலுக்கே பெயிண்ட் அடித்துவிடலாம்.

ஜூன் 21, சனி

குழி கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. சபாபதியிடம் பட்டி வாங்கிவந்து அதில் பூசி நிரப்பினேன். வாங்கிவந்தேன் என்றால் அவனும் பின்னாலேயே வந்துவிட்டான்.

"கதவுக்குப் பட்டி போடுவாங்க, கேபினுக்குப் பட்டி போடுவாங்க. அடித்தகட்டுக்கு யாராச்சும் போடுவாங்களாண்ணா? மொதக் கல்லுலயே பேத்துட்டுப் போயிரும்."

"பாக்கறதுக்கு நல்லா இருக்குமல்ல?"

"யாரு பாக்கறது, எறும்பா?"

குந்த உட்கார்ந்து, பூசாமல் மிச்சமிருந்த இடத்தை விரலால் தடவினான். "கல்லு இடிச்சா ஒரே எடத்துல குத்தும்ங்ணா. இது இழுத்துட்டுப் போயிருக்குது பாருங்க, நீட்டமா."

"நீட்டமான கல்லு" என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். நான் பட்டியைப் பார்த்தேன்.

ஜூன் 22, ஞாயிறு

காரவள்ளியில் வசந்தாமணியின் பெரியப்பா மகன் வீட்டுப் புதுமனைப் புகுவிழா. காரவள்ளி என்றால் மலையடிவாரம். மலைப்பாதை ஏறத் தொடங்குகிற இடம்.

"வண்டியிலயே போயிரலாமுங்க. தகடு இல்லாட்டி வண்டி ஓடாதா?" என்றாள்.

"கோவணம் இல்லாட்டி மனுசன் நடக்கமாட்டானா? நடப்பான். ஆனா வெளிய போவானா?"

டவுன் பஸ்ஸில் போனோம். வீடு பெரிய வீடு. பூஜையறைக்குப் போட்ட கல்லைச் சமையல் மேடைக்கும் போட்டு, சமையல் மேடைக்கு வாங்கிய கல்லைக் குளியலறைக்குப் போட்டிருக்கிறார்கள். மிச்சக் கல் எங்கே போனது என்று அவர்கள் வீட்டுச் சம்பந்தியே கேட்டுக்கொண்டிருந்தார். பாயசம் இரண்டு தரம் வாங்கினேன். எல்லோரும் மொட்டை மாடிக்கு ஏறி மலையைப் பார்த்தார்கள். எனக்கு முழங்கால் வலி, ஏறவில்லை.

திரும்பும்போது பஸ் ஜன்னலோரம் வசந்தாமணியை உட்காரவைத்தேன்.

"மலைய ஒருக்கா திரும்பிக்கூடப் பாக்கலீங்களே?"

"ஒரே மேகமா இருந்துது."

"மேகமே இல்லீங்களே" என்றாள்.

எங்கள் இருவருக்கும் கண்ணாடி மாற்ற வேண்டும்.

ஜூன் 23, திங்கள்

கறுப்பு எனாமல் அடித்தேன். முதல் ஐந்து நிமிடம் கோயில் சிலை மாதிரி மின்னியது. பத்தாவது நிமிடம் பாகற்காய்த் தோல் மாதிரி சுருங்கிவிட்டது. சபாபதியைக் கூப்பிட்டுக் காட்டினேன். பட்டி உள்ளே காயவில்லையாம். எல்லாவற்றையும் இரும்பு வரைக்கும் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டுமாம்.

வருத்தமாக இருந்திருக்க வேண்டும். இரவு தோசை வழக்கத்தைவிட மூன்று அதிகம் இறங்கியது.

ஜூன் 24, செவ்வாய்

சுரண்டினேன். இதையெல்லாம் மெதுவாகத்தான் செய்ய வேண்டும். அவசரப்பட்டால் தகடு தாங்காது.

ஜூன் 25, புதன்

இன்றைக்கு அமாவாசை. அமாவாசைக்கு அமாவாசை வண்டிக்குப் பொட்டு வைத்து, எலுமிச்சம்பழம் கட்டி, பூசணிக்காய் உடைப்போம். வண்டியின் எல்லா உறுப்புக்கும் பொட்டு உண்டு. கழற்றி வைத்திருக்கிறது என்பதற்காகத் தகட்டை மட்டும் விட முடியுமா என்று வசந்தாமணி அதையும் ஈரத்துணியால் துடைத்தாள். நான் ஏணி போட்டு எலுமிச்சம்பழம் கட்டிக்கொண்டிருந்தேன்.

"ஏனுங்க, இது என்னுங்க மஞ்சளா?"

திரும்பிப் பார்த்தேன். குழிக்குள் விரலை விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பட்டியைச் சுரண்டியதில் பழைய மஞ்சள் மறுபடி வெளியே வந்திருந்தது. கம்பி பிரஷ்ஷுக்கும் போகவில்லை.

"நீ வெச்ச மஞ்சளா இருக்கும் புள்ள."

"நானு இன்னும் வெக்கவே இல்லீங்க."

கையில் இருந்த மஞ்சள்தூள் கிண்ணத்தைக் காட்டினாள். நிறைய இருந்தது.

"இது பெயிண்டு" என்றாள். "கல்லுக்கு யாருங்க மஞ்சப் பெயிண்டு அடிச்சது?"

நான் ஏணியில் இருந்தேன். ஏணியில் இருப்பவனிடம் கேள்வி கேட்கக் கூடாது. இறங்கி வந்து பூசணிக்காயை உடைத்தேன். ஒரே அடியில் உடையவில்லை.

இன்றைய குறிப்பு: வாழையில் வேர் அழுகல். மேலே இருந்து பார்த்தால் தெரியாதாம்.

ஜூன் 26, வியாழன்

காலையில் வசந்தாமணி போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போனவள் அரைமணி நேரம் வரவில்லை. வந்ததும் என் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவள் நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்ப்பது அபூர்வம்.

"செல்லாயிகிட்டப் பேசுனனுங்க."

"அந்தப் புள்ள சத்தியம் பண்ணிருக்குதே!" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். வாய்தவறுவது எனக்குத் தொழில்.

"ஆமா. 'நானாச் சொல்லமாட்டேன்கா, அண்ணனுக்குச் சத்தியம் பண்ணிருக்கேன். நீங்களாக் கேட்டா ஆமாங்கறேன், இல்லைங்கறேன்'னு சொல்லுச்சு. நானு ஒவ்வொண்ணாக் கேட்டேன். எல்லாத்துக்கும் ஆமான்னுருச்சு."

பிறகு விரல்விட்டு எண்ணினாள்.

"ஒம்பதாந் தேதி பஞ்சர்னு சொன்னீங்க. பொழுது எறங்கி வந்தீங்க. செருப்பு ரெண்டும் வார் அந்துபோயிருந்துது. பஞ்சர் ஆனது வண்டிக்கா, செருப்புக்கா?"

இனி எழுதாமல் விடுவதில் பயனில்லை. அவளுக்கே தெரிந்த பிறகு டைரிக்குத் தெரிந்தால் என்ன?

லோடு ஏற்றி இறங்கி வந்துகொண்டிருந்தேன். மொத்தம் எழுபது கொண்டை ஊசி வளைவு. இறங்கும்போது எழுபதிலிருந்து ஒன்றுக்கு வர வேண்டும். முப்பத்தாறாவது வளைவுக்கு வரும்போது ஒரு ஜோக் தோன்றியது. காரவள்ளி டீக்கடையில் இறங்கியதும் சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். நன்றாக இருந்தது. நானே சிரித்துவிட்டேன். சிரித்து முடித்து நிமிர்ந்தால் எதிரே ஏறி வருகிற பஸ். ஒடித்தேன், மிதித்தேன். வண்டி பஸ்ஸுக்கு வழி விட்டுவிட்டு, மஞ்சளும் கறுப்புமாகப் பெயிண்ட் அடித்த தடுப்புச் சுவர் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. முன்சக்கரம் இரண்டும் அந்தப் பக்கம். அந்தப் பக்கம் என்றால், ஒன்றும் இல்லாத பக்கம். அடித்தகடு சுவரில் மாட்டிப் பிடித்துக்கொண்டது. பின்னால் இருந்த அன்னாசியின் கனம் பிடித்துக்கொண்டது. நடுவில் நான்.

கண்ணாடி வழியாகக் கீழே ஒரு தோட்டம் தெரிந்தது. யாரோ சிவப்புப் போர்வையைக் காயப்போட்டிருந்தார்கள், தீப்பெட்டி அளவுக்கு. நான் அசையவில்லை. பஸ்ஸில் இருந்தவர்கள் இறங்கி ஓடிவந்து, வண்டியின் பின்பக்கம் கனம் கூட வேண்டும் என்று அன்னாசி மேலேயே ஏறி உட்கார்ந்தார்கள். பதினோரு பேர். அந்த பஸ்ஸில் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்த செல்லாயியும் அதில் ஒருத்தி. "அண்ணே, சிரிக்காம உக்காந்திருங்க" என்று பின்னாலிருந்து அவள் கத்தியது கேட்டது. நான் சிரிக்கவில்லை. என் முகம் அப்படி இருந்திருக்கிறது. பின்னால் வந்த வாழைத்தார் லாரியில் கயிறு கட்டி இழுத்தார்கள். தகடு சுவரில் தேய்ந்துகொண்டே வந்த சத்தம்... சரி, அது போதும்.

வசந்தாமணி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அங்கிருந்து வண்டிய எறக்குனது?"

"வாழைத்தார் லாரியில ரெண்டு டிரைவர் இருந்தாங்க. அதுல ஒருத்தரு."

"பக்கத்துல உக்காந்து வந்தீங்களா?"

"காத்து நல்லா இருந்துது. நடந்தே வந்துட்டேன்."

"முப்பத்தாறுல இருந்து?"

"எறக்கந்தான?"

அவள் எழுந்துபோய் அரிசி களைந்தாள். வழக்கமாக இரண்டு தண்ணீரில் களைகிறவள் இன்றைக்கு ஐந்தாறு தண்ணீர் விட்டாள். சாப்பிடும்போது கேட்டாள், "இப்பப் பயமா இருக்குதுங்களா?"

எனக்கா? பெயிண்ட் காயவில்லை, அவ்வளவுதான் என்றேன்.

ஜூன் 27, வெள்ளி

எழுந்து பார்த்தால் வாசலில் சபாபதி, கம்ப்ரஸர், பெயிண்ட் அடிக்கும் துப்பாக்கி, முகத்தில் கட்டிய துண்டு, எல்லாம் தயார். பக்கத்தில் வசந்தாமணி. கூட்டணி என் முதுகுக்குப் பின்னால் அமைந்திருக்கிறது.

"பட்டி வேண்டாம். குழி குழியாவே இருக்கட்டும். மேல பெயிண்டு மட்டும் அடி" என்று அவள் உத்தரவு போட, அவன் டப்பாவைத் திறந்தான். உள்ளே மஞ்சள். அதே மஞ்சள், சுவர் மஞ்சள்.

"என்ன புள்ள இது? ஊரு சிரிக்காதா? கறுப்புத்தான அடிப்பாங்க?"

"இனிமே நீங்க சுவத்துல ஒரசுனாலும் கலரு தெரியாது பாருங்க" என்றாள்.

சபாபதி துண்டுக்குள்ளேயே சிரித்தான். துண்டு குலுங்கியது. முப்பது வருடமாக இந்த வீட்டில் நான்தான் ஜோக் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மதியத்துக்குள் இரண்டு கோட். சரியான தின்னர், சரியான காற்று, நல்ல வெயில். சாயங்காலம் நகத்தால் கீறிப் பார்த்தேன். காய்ந்திருந்தது. இன்னொரு இடத்தில் கீறிப் பார்த்தேன். அங்கேயும் காய்ந்திருந்தது. பின்பக்கமும் பார்த்தேன்.

"எல்லாப் பக்கமும் காஞ்சுருச்சுங்ணா" என்றான் சபாபதி. "மாட்டிரலாமா?"

நாலு போல்ட்டும் சொன்னபடி கேட்டன. இன்றைக்குப் பார்த்தா?

வசந்தாமணி செல்லாயிக்குப் போன் போட்டு, "நாளைக்கு வர்றோம், வெட்டச் சொல்லீரு" என்றாள். வர்றோமாம்.

ஜூன் 28, சனி

காலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். வசந்தாமணி தூக்குப்போசியில் புளிசாதம் கட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். செல்லாயியைப் பார்த்து ரொம்ப நாளாச்சாம். ஒன்பது வருடத்தில் இந்த வண்டியில் அவள் மலையேறியதில்லை. வளைவு அவளுக்கு வயிற்றைப் புரட்டும்.

காரவள்ளியில் டீ குடித்தோம். நான் இரண்டு குடித்தேன். மூன்றாவது சொல்லும்போது அவள் போய் வண்டியில் உட்கார்ந்துவிட்டாள்.

ஏறும்போது வழி முழுக்கப் பேசிக்கொண்டே வந்தாள். புதுவீட்டில் மிச்சமான கல் சம்பந்தி வீட்டு மாட்டுத்தொட்டிக்குப் போன கதையை முதல் வளைவிலிருந்து முப்பத்தைந்தாவது வளைவு வரைக்கும் இழுத்தாள். நடுவில் இரண்டு தரம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கதையை மட்டும் விடவில்லை. முப்பத்தாறில் கதை முடிந்தது. ஏறும்போது அந்த வளைவில் நமக்கு மலைப்பக்கம். தாண்டும்போது பார்த்தேன். சுவரின் தலையில் ஒரு முழ நீளத்துக்கு மஞ்சள் பெயர்ந்து, அங்கே என் தகட்டின் கறுப்பு அப்பியிருந்தது. அவளும் பார்த்தாள்.

செல்லாயி பழங்களை அடுக்கித் தயாராக வைத்திருந்தாள். வண்டிக்கு முன்னால் குனிந்து பார்த்து, "என்னண்ணே, வண்டி மஞ்சத் தேச்சுக் குளிச்சிருக்குது?" என்றாள். பிறகு வசந்தாமணியின் கையைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் தனியாகப் போய்விட்டார்கள். என்ன பேசினார்கள் என்று தெரியாது. நடுநடுவே என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒருமுறை சிரித்தார்கள்.

லோடு ஏறியது. இறங்க வேண்டும்.

எழுபது. அறுபத்தொன்பது. பலகையில் எழுதியிருக்கும் எண்ணை நான் இதற்குமுன் படித்ததே இல்லை. இன்றைக்கு எல்லாவற்றையும் சத்தமாகவே படித்தேன். வசந்தாமணி தூக்குப்போசியை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். அது காலி போசி.

முப்பத்தேழு தாண்டியதும் கீழே பஸ் ஹாரன் கேட்டது. ஏறுகிறவனுக்குத்தான் வழி. வளைவுக்கு முன்னாலேயே மலையை ஒட்டி ஒதுக்கி நிறுத்தினேன். பிரேக் மிதி காலுக்கடியில் லேசாக நடுங்கியது. ஒன்பது வருட வண்டி, மிதி நடுங்கத்தான் செய்யும். பஸ் மெதுவாகத் திரும்பி, முக்கி முனகி எங்களைத் தாண்டிப் போனது. போன பிறகும் நான் வண்டியை எடுக்கவில்லை. இன்னொரு பஸ் வரலாம் இல்லையா?

வசந்தாமணி எடுக்கச் சொல்லவில்லை. போசியைத் திறந்து பார்த்தாள், மூடினாள். ஜன்னல் பக்கம் திரும்பி, "அன்னிக்கு என்ன ஜோக்குங்க?" என்றாள்.

"எது?"

"சிரிச்சீங்களே, அது."

கியரைப் போட்டேன். "காரவள்ளி டீக்கடைக்காரன் மகன் கல்யாணத்துக்குத் தலைக்குச் சாயம் அடிச்சான் பாரு. மழையில அது காதோரமா வழிஞ்சுது." வண்டி நகர்ந்தது. "அன்னிக்குத்தான் அவன் கடை டீ ஸ்ட்ராங்கா இருந்துச்சு." சுவர் இடது பக்கம் வந்தது, போனது. முப்பத்தைந்து என்று பலகை சொன்னது.

அவள் சிரிக்கவில்லை. கொஞ்ச தூரம் போன பிறகு, "இதுக்கா மலையில இருந்து உழுகப் பாத்தீங்க?" என்றாள்.

நான் சிரித்த சிரிப்பில் வண்டியை மறுபடி ஓரமாக நிறுத்த வேண்டியதாகிவிட்டது. இந்தத் தடவை நிறுத்திவிட்டுச் சிரித்தேன்.

பதினோராவது வளைவில், ரோட்டில் கிடந்த ஏதோ ஒன்று அடியில் பட்டு டங் என்றது. இறங்கிக் குனிந்து பார்த்தேன். மஞ்சளில் கட்டைவிரல் நகம் அளவுக்குப் பெயிண்ட் போயிருந்தது.

"என்னுங்க?" என்றாள் மேலேயிருந்து.

"கல்லு."

கதவு திறந்தது. போசியை இருக்கையில் வைத்துவிட்டு இறங்கி வந்தாள். ரோட்டிலேயே மண்டியிட்டு, சேலையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, தலையை வண்டிக்கடியில் விட்டுப் பார்த்தாள். விரலால் தடவினாள். ரோட்டில் கிடந்த கல்லையும் எடுத்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

"ஆமா" என்றாள், எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டே. "கல்லுத்தான்."